ஷாக் மாற்றியாயிற்று, பிரேக் ஏன் கத்துகிறது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

சொந்தமாகக் கார் வேலை பார்க்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆன்லைனில் வந்து இறங்குகின்றன. ஒரு சாக்கெட் செட், ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் வேலை முடிந்துவிடுகிறது. ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் கேட்ட 'டொக் டொக்' போய்விடுகிறது. அதற்குப் பதிலாக, பிரேக்கை மிதித்தால் புதிதாக ஒரு சத்தம்.

உடனே பார்க்கிங்கில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். பேட் போயிடுச்சு என்பார் ஒருவர். டிஸ்க் வளைஞ்சிருக்கும் என்பார் இன்னொருவர். நூறு கிலோமீட்டர் ஓடினா தானா அடங்கிடும் என்று மூன்றாமவர் தைரியம் சொல்வார். இவர்கள் பேச்சைக் கேட்டுப் புது பேட், புது டிஸ்க் என்று செலவு செய்த பிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

வேலைக்கு முன் இல்லாத சத்தம் வேலை முடிந்ததும் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கை பட்ட இடங்களை. தேய்மானத்தின் மேல் பழி போடுவது அதற்குப் பிறகுதான். சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதுதான் துப்பு கொடுக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "ஷாக் மட்டும்தான் மாற்றினேன். பிரேக் பக்கம் போகவே இல்லை."

உண்மை: போயிருக்கிறீர்கள். ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ போன்ற சிறிய கார்களில் முன்பக்கம் இருப்பது மாக்பெர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு இது. தூணின் அடியில் உள்ள இரண்டு பெரிய போல்ட்டுகள் நக்கிளைப் பிடித்திருக்கின்றன. ஹப், டிஸ்க், காலிப்பர், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரத் தட்டு எல்லாம் அந்த நக்கிளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் ஒயரும் பெரும்பாலான கார்களில் தூணின் மேலேயே பிராக்கெட் வைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும்.

அந்த இரண்டு போல்ட்டையும் உருவியதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதோடு ஹோஸ் இழுபடும், ஒயர் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட்டும் இழுபடும். இடம் போதவில்லை என்று காலிப்பரைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட்டுகள், பேட்கள், கிளிப்புகள் எல்லாம் கைக்கு வந்து போயிருக்கும். ஆக, ஷாக் மாற்றியவர் பாதி பிரேக் வேலையும் பார்த்திருக்கிறார். என்னென்ன கழற்றினோம், எதையெல்லாம் நகர்த்தினோம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். தேட வேண்டிய இடங்களின் பட்டியல் அதுதான். வேலையின்போது போனில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

நம்பிக்கை 2: "பிரேக் மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது. அப்படியானால் கோளாறு பிரேக்கில்தான்."

உண்மை: பிரேக் மிதிப்பது சஸ்பென்ஷனுக்கும் ஒரு பரீட்சை. 900 கிலோ எடையுள்ள கார் வேகமாக வந்து சடாரென்று நிற்கும்போது, பின் சக்கரங்கள் சுமந்த எடையில் ஏறத்தாழ 150 கிலோ முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. மூக்கு தாழ்கிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது. சாலை சக்கரத்தைப் பின்னால் தள்ள, லோயர் ஆர்மும் அதோடு பின்னால் தள்ளப்படுகிறது. லோயர் ஆர்ம் புஷ்ஷிலோ பால் ஜாயிண்ட்டிலோ ஸ்ட்ரட்டின் அடி போல்ட்டிலோ நூலளவு ஆட்டம் இருந்தாலும் அந்த நொடியில்தான் அது 'டொக்' என்று குரல் கொடுக்கும்.

பிரேக் உராய்வால் வரும் சத்தம் மிதித்திருக்கும் வரை தொடரும். ஆட்டத்தால் வருவது மிதித்த கணத்தில் ஒரு முறை, விட்ட கணத்தில் ஒரு முறை என்று கேட்கும். ஆளில்லாத சமதளத்தில் நடை வேகத்தில் முன்னால் போய் ஒரு மிதி, ரிவர்ஸில் வந்து ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். திசை மாறும்போது மட்டும் ஒரே ஒரு 'டக்' என்றால், பேட் தன் பிராக்கெட்டுக்குள் நகர்கிறது, அல்லது புஷ்ஷோ போல்ட்டோ ஆடுகிறது.

எது என்று கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் காரை முன்னும் பின்னும் உலுக்கட்டும். நீங்கள் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, கை நசுங்காத இடமாகப் பார்த்து, லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், காலிப்பர் என ஒவ்வொன்றிலும் விரல் வையுங்கள். எந்த இடத்தில் 'டக்' விரலுக்குத் தெரிகிறதோ அங்கேதான் ஆட்டம். காதை ஏமாற்றும் சத்தம் விரலை ஏமாற்றுவது அபூர்வம்.

நம்பிக்கை 3: "கரகரவென்று உரசினால் பேட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்."

உண்மை: சஸ்பென்ஷன் வேலை முடிந்த கையோடு வரும் உரசலுக்கு, பேட்டைவிட அந்தத் தகரத் தட்டைச் சந்தேகப்படுவதே பொருத்தம். டிஸ்க் மேல் சேறும் கல்லும் தெறிக்காமல் இருக்க வைத்த மெல்லிய தட்டு அது. டஸ்ட் ஷீல்டு, ஸ்பிளாஷ் ஷீல்டு, பேக் பிளேட் என்று கடைக்கொரு பெயர். டிஸ்க்குக்கும் அதற்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். நக்கிளைச் சாய்க்கும்போது கை அழுத்தினாலும் கடப்பாரை நுனி இடித்தாலும் வளைந்துவிடும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது, டிஸ்க்குக்குத் தெரியும்.

இந்த உரசலுக்கும் பிரேக் மிதிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. கார் நகர்ந்தால் வரும், வேகம் கூடினால் அடுக்கடுக்காக வரும், நின்றால் நிற்கும். மெதுவாக உருளும்போது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'சர்ர்... சர்ர்...' என்று கேட்டால் தட்டு ஓர் இடத்தில் மட்டும் தொடுகிறது. சில கார்களில் வளைவில் திரும்பும்போது மட்டும் வரும்.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். வீல் நட் இரண்டை வாஷரோடு திரும்பப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிக்க வையுங்கள். நியூட்ரலில் டிஸ்க்கைக் கையால் சுழற்றி, டார்ச் அடித்துக்கொண்டே தட்டின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். துருவேறிய தகரத்தில் ஓரிடத்தில் மட்டும், புதுக் காசு போல் பளபளக்கும் ஒரு கீறல் தெரியும். அந்த இடத்தை விரலால், அல்லது ஸ்க்ரூடிரைவரால், 2 அல்லது 3 மி.மீ. விலக்கினால் போதும். மறுபடி சுழற்றினால் டிஸ்க் சத்தமின்றி ஓடும். தட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருந்தாலும் இதே சத்தம்தான், இதே இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

பேட் உண்மையிலேயே தீர்ந்து இரும்போடு இரும்பு உரசினால் கதை வேறு. மிதிக்கும்போது சத்தம் கடுமையாகும், டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழும். பல பேட்களில் தேய்மானத்தை அறிவிக்க ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். பேட் 2, 3 மி.மீ.க்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு 'கீ' என்று கத்தும். நல்ல பேட்டாக இருந்தும், காலிப்பரைத் திரும்பப் போடும்போது இந்த நாக்கு வளைந்துவிட்டால் அதே கத்தல் வரும். எனவே பேட் வாங்குவதற்கு முன் இருக்கும் பேட்டின் கனத்தைப் பாருங்கள். உள்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் இரண்டையும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

இரவு மழையில் நின்ற கார் காலையில் முதல் சில மிதிகளில் உரசினால் கவலை வேண்டாம். வார்ப்பிரும்பு டிஸ்க்கில் படிந்த மேல்துரு அது. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

நம்பிக்கை 4: "கிறீச் சத்தத்துக்குக் கொஞ்சம் கிரீஸோ டபிள்யூடி-40யோ அடித்தால் போதும்."

உண்மை: டிஸ்க்கிலோ பேட்டின் உராயும் பக்கத்திலோ எண்ணெய் பட்டால் சத்தம் நிற்கலாம். கார் நிற்காது. பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், அதைக் கழுவி மீட்பது நடக்காத காரியம். அந்த அச்சில் இரண்டு பக்கமும் பேட் செட்டையே மாற்ற வேண்டி வரும். ஒரு சக்கரத்தில் மட்டும் எண்ணெய் பட்டிருந்தால், அவசரமாக மிதிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

கிறீச்சிடல் புதிய நோய் அல்ல. பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலேயே, தாமிரப் பட்டைகள் டிஸ்க்கில் உரசிக் காதைக் கிழித்தன. பேட் டிஸ்க்கைப் பிடித்தும் விட்டும் வழுக்கும்போது பேட், காலிப்பர், டிஸ்க் மூன்றும் சேர்ந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்வதுதான் அந்தச் சத்தம். அதிர்வை அடக்கத்தான் பேட்டின் முதுகில் ஷிம் தகடும், ஓரங்களில் ஸ்பிரிங் கிளிப்பும் வைக்கிறார்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டும்போது ஒரு ஷிம் கீழே விழுந்தாலோ, ஒரு கிளிப் தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் போனாலோ அதுவே சத்தத்துக்குப் போதுமான காரணம். ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்த இடத்தில் தரையைப் பெருக்கிப் பாருங்கள், மின்னுகிற தகடு ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

கிளிப் விடுபட்டதைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை: கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது 'கடகட' கேட்டால், பிரேக்கை லேசாக, வேகம் குறையாத அளவுக்குத் தொடுங்கள். தொட்டதும் கடகட நின்றால் ஆடுவது பேட் அல்லது காலிப்பர். நிற்காவிட்டால் லிங்க் ராடையும் மேல் மவுண்ட்டையும் பாருங்கள்.

கிரீஸ் போட இடம் உண்டு. காலிப்பர் சறுக்கும் ஸ்லைடு பின்களுக்கு சிலிகான் கிரீஸ். பேட்டின் காது பிராக்கெட்டில் உட்காரும் இடத்திலும், பேட்டின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ், மெல்லிய பூச்சாக. வீட்டில் இருக்கும் சாதாரண மஞ்சள் கிரீஸ் வேண்டாம். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் உறைகள் ஊதிப்போய்ப் பின் இறுகிவிடும்.

நம்பிக்கை 5: "பெடல் கல்லு மாதிரி இருக்கிறது, வண்டி நன்றாக நிற்கிறது. வெறும் சத்தம்தானே!"

உண்மை: பெடல் சொல்வது ஹைட்ராலிக் அழுத்தத்தைப் பற்றி மட்டும். காலிப்பர் போல்ட் இரண்டு மரை கழன்றிருந்தாலும் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் காலிப்பர் ஒரு முறை இடம்பெயர்ந்து 'டக்' என்று இடிக்கும், போல்ட் இன்னும் கொஞ்சம் கழலும். ஒரு நாள் போல்ட் விழுந்ததும் காலிப்பர் சுழன்று போய் வீல் ரிம்மில் மாட்டும்.

சத்தமே போடாத ஆபத்தும் உண்டு. ஹோஸ் பிராக்கெட்டின் சின்ன போல்ட்டைப் போட மறந்தால், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது ஹோஸ் டயரில் உரசும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், டயரைத் தொடாமல் இருக்கிறதா என்று பார்க்காமல் காரை வெளியே எடுக்காதீர்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிட்டு வேலை பார்த்திருந்தால் ஹோஸில் வெடிப்பு, வீக்கம், ஈரக் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த முறை ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள்.

பேட்டுக்கு இடம் பண்ணப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால், காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பல முறை அழுத்தியே ஆக வேண்டும். முதல் மிதி காற்றில் மிதிப்பது போல் தரை வரை போகும். அது பார்க்கிங்கில் நின்றபடி தெரிந்தால் பிழைத்தோம், தெருவில் தெரியக் கூடாது.

நம்பிக்கை 6: "எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது."

உண்மை: ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அளவு உண்டு. சிறிய கார்களில் ஸ்லைடு பின் போல்ட்டுக்குப் பொதுவாக 30 நியூட்டன் மீட்டர் அளவிலும், வீல் நட்டுக்கு 100 அளவிலும் இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. முதலதை வீல் நட் மாதிரி இறுக்கினால் மரை போகும். இரண்டாவதைத் தாறுமாறாக இறுக்கினால், அதுவும் வரிசை பார்க்காமல் ஒரு பக்கமாக இறுக்கினால், டிஸ்க் ஹப்பில் நேராக உட்காராது. டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குவது ஒரு செட் பேட் வாங்குவதைவிட நல்ல முதலீடு.

எவ்வளவு என்பதைப் போலவே எந்த நிலையில் என்பதும் முக்கியம். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது அதன் போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பிரேக்கில் மூக்கு தாழும்போதெல்லாம் 'கிறீக்' என்று முனகும், சீக்கிரமே கிழியும். புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் லேசாகப் பொருத்தி, காரின் எடை சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

நம்பிக்கை 7: "பெடலில் அதிர்வு வந்தால் டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது."

உண்மை: பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை, கோணலாக உட்கார்கிறது. வேலையின்போது டிஸ்க் ஹப்பிலிருந்து கழன்று வந்து, ஒரு துருச் செதில் இடையில் விழுந்தால் போதும். டிஸ்க்கின் தள்ளாட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்களின் கணக்கு. நடுவில் ஒரு செதில் அதை விளிம்பில் பல மடங்காக்கிவிடும். அப்படியே ஓட்டினால் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அதிர்வு வரும். ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, டிஸ்க்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். புது டிஸ்க் வாங்கி அதே துருவின் மேல் மாட்டினால் புது டிஸ்க்கும் அதே கதிதான்.

இன்னொரு வகை அதிர்வு உண்டு. உலர்ந்த சாலையில் மெதுவாக நிற்கப் போகும் கடைசி சில மீட்டரில் மட்டும் பெடல் 'கடகட'வென்று காலைத் தள்ளும். சென்சார் ஒயர் இழுபட்டோ, சென்சார் அருகே அழுக்கு சேர்ந்தோ, சக்கரம் சறுக்குவதாக ஏபிஎஸ் தவறாக எண்ணிக்கொள்வது ஒரு முக்கியமான காரணம். டாஷ்போர்டில் விளக்கு எரியாமலும் இது நடக்கலாம். டிஸ்க்கை மாற்றினால் இது போகாது.

நம்பிக்கை 8: "சத்தம் இடப்பக்கம் கேட்கிறது. அங்கேதான் கோளாறு."

உண்மை: காரின் உடம்பு முழுக்க இரும்பு. வலப்பக்கச் சத்தம் சப்-ஃபிரேம் வழியாகப் போய் இடப்பக்கக் கால் வைக்கும் இடத்தில் கேட்கும். கண்ணாடியை இறக்கி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள், பிறகு மறு திசையில் அதே சுவரை ஒட்டி வாருங்கள். எந்தப் பக்கம் சுவரை நோக்கியிருக்கும்போது சத்தம் தெளிவாக எதிரொலிக்கிறதோ அதுதான் பக்கம்.

பிரேக்கோடு சேராத 'உம்ம்ம்' என்ற முழக்கம் வேகத்தோடு கூடி, இடப்பக்கம் வளையும்போது பெரிதானால் பொதுவாக வலப்பக்க வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது எடை அந்தப் பக்கம் சாய்கிறது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'ணங்' என்றால் ஸ்பிரிங்கின் நுனி தன் படியில் உட்காரவில்லை, அல்லது மேல் மவுண்ட் பேரிங் மாட்டிய விதம் தவறு.

நம்பிக்கை 9: "கொஞ்சம் ஓடட்டும், செட் ஆகிவிடும். இல்லையென்றால் அலைன்மெண்ட் பண்ணினால் சரியாகிவிடும்."

உண்மை: ஓட ஓடச் சரியாவது இரண்டே விஷயங்கள்: டிஸ்க்கின் மேல்துரு, புது பேட்டின் ஆரம்பக் கரகரப்பு. தளர்ந்த போல்ட்டும் வளைந்த தகரத் தட்டும் விடுபட்ட கிளிப்பும் ஓட ஓட மோசமாகத்தான் ஆகும். அலைன்மெண்ட் கட்டாயம் செய்ய வேண்டும். ஸ்ட்ரட்டின் அடி போல்ட்டைத் தொட்டாலே சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஆனால் அலைன்மெண்ட் மிஷின் கோணத்தைத் திருத்துமே தவிர, பிரேக்கில் வரும் சத்தத்தைத் தொடாது. சத்தத்தைத் தீர்த்துவிட்டு அலைன்மெண்டுக்குப் போவதுதான் சரியான வரிசை. அங்கிருந்து திரும்பி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.

சில அறிகுறிகளுக்கு ஓட்டிப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் உலோகம் இடிக்கும் 'டக்', மெல்ல மெல்லக் கீழே இறங்கும் பெடல், மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, ஓட்டி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் கிட்ட நெருங்க முடியாதபடி சூடாக இருப்பது, டயரின் உள்பக்கம் ஈரக்கோடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் சாவியை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். காரணம் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், காரை அவரிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவரிடம் "பிரேக்கில் சத்தம்" என்று மட்டும் சொல்லாமல், எதைக் கழற்றினீர்கள், சத்தம் எப்போது வருகிறது என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேவையில்லாத பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் பில் போடாமல் தடுப்பது அந்த இரண்டு பதில்கள்தான்.